நீர்க்கட்டிக்கு எதற்குப் புற்றுநோய் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்?

தங்கச்சிமடம்_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் கேட்க முடியாததால் இங்கே கேட்கிறேன். எனக்கு வயது 28, கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. வயசுக்கு வந்ததிலிருந்தே மாதவிலக்கு ஒழுங்காக வராது. இரண்டு மாதம், நான்கு மாதம் என்று தள்ளிப்போகும், வந்தால் லேசில் நிற்காது. ராமநாதபுரத்தில் ஸ்கேன் பார்த்துவிட்டு சினைப்பையில் நீர்க்கட்டி, பிசிஓடி என்றார்கள். தைராய்டும் குறைவு, அதற்கு வெறும் வயிற்றில் மாத்திரை ஓடுகிறது.

இந்த முறை டாக்டரம்மா முதலில் மாதவிலக்கை வரவைக்கப் பத்து நாள் மாத்திரை, வந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நாளைக்கு லெட்ரோசோல் 2.5 என்று எழுதியிருக்கிறார். போனில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தால் முதல் வரியிலேயே மார்பகப் புற்றுநோய் மருந்து என்று வருகிறது. ஸ்கேன் தாளில் கர்ப்பப்பை உட்சவ்வு 13 மி.மீ. என்று போட்டிருக்கிறது, அதைத் தேடினால் அங்கேயும் புற்றுநோய். ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்கிறார்களே, எனக்கு வந்துவிட்டதா? என்னிடம் சொல்லாமல் மருந்து மட்டும் கொடுக்கிறார்களா? மருந்துக்கடை அண்ணன் வேறு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

தொண்டி_மருந்துக்கடை எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்தப் போனை எடுத்து ஓரமாக வை.

லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்துதான், அதில் பொய் இல்லை. ஆனால் அங்கே மாதவிலக்கு நின்றுபோன பெண்களுக்குத் தினம் ஒன்று வீதம் வருடக்கணக்கில், பெரும்பாலும் ஐந்து வருடம் போகும். உனக்கு மாதத்துக்கு ஐந்தே மாத்திரை. இந்த மருந்து உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கும். மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் பல ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை, அதனால் அங்கே அதை அடைக்கிறார்கள். உனக்கு ஐந்து நாள் மட்டும் குறைத்தால், ஈஸ்ட்ரோஜன் போதவில்லை என்று மூளை நினைத்துக்கொண்டு சினைப்பையைத் தூண்டுகிற ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பும், கருமுட்டை முதிர்ந்து வெளியே வரும். அவ்வளவுதான் கணக்கு. ஒரே மருந்து, இரண்டு வேலை.

அந்தக் கடைக்காரர் பார்த்த பார்வைக்கும் ஒரு காரணம் இருக்கலாம். 2011 அக்டோபரில் நம் நாட்டில் இதைக் குழந்தைப்பேற்று சிகிச்சைக்குக் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார்கள், 2017இல்தான் எடுத்தார்கள். நடுவில் 2014இல் அமெரிக்காவில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. பழைய மருந்தான குளோமிபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கக் குழந்தைக்கு முயற்சி செய்கிற நீர்க்கட்டிக்காரர்களுக்கு முதலில் எழுதுவதே இதைத்தான். எங்கள் கடையிலும் வாரத்துக்குச் சில சீட்டு வந்துவிடும். அட்டைக்குள் இருக்கிற துண்டுத்தாளில் புற்றுநோய் என்று மட்டும் அச்சடித்திருப்பதால் வாங்கிப் போனவர்கள் பயந்துபோய்த் திருப்பிக் கொண்டுவருவதும் உண்டு.

சாயல்குடி_வைத்தியர்_பேரன் எழுதியது:

கடைக்காரர் கடைக்காரர் மாதிரிதான் பேசுவார். ஹார்மோன் மாத்திரையால் புற்றுநோய் வரும் என்பது நான் கட்டிவிட்ட கதை இல்லை. 2002இல் அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், ஏன் என்று தேடிப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய் கூடியது, அதனால்தான். என் அத்தையும் அப்படி மாத்திரை சாப்பிட்டவர்தான், இப்போது மதுரைக்கு அலைகிறார். தங்கச்சி, கழற்சிக்காயை உடைத்து உள்ளே இருக்கிற பருப்போடு மிளகு சேர்த்துப் பொடித்து மோரில் குடி. நம் கடற்கரை மணலில் தானாக முளைத்துக் கிடக்கிற செடி. காசும் இல்லை.

உச்சிப்புளி_நர்ஸம்மா எழுதியது:

கிராம சுகாதார செவிலியாக இந்தக் கடற்கரை ஊர்களில்தான் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

தம்பி சொன்ன 2002 ஆய்வு உண்மை. ஆனால் அது ஐம்பது வயதைத் தாண்டி, மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு வகைப் பெண் ஹார்மோனையும் சேர்த்து வருடக்கணக்கில் கொடுத்த ஆய்வு. அதைக் கொண்டுவந்து 28 வயதுப் பெண்ணின் பத்து நாள் மாத்திரைக்குப் பக்கத்தில் வைப்பது சரியில்லை.

இப்போது மகளே, உன் கேள்விக்கு வருகிறேன். நீர்க்கட்டி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து கூடுதலா? ஆமாம், ஓர் இடத்தில் கூடுதல். கர்ப்பப்பையின் உட்சவ்வில். மார்பகத்தில் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேறு கதை, அது ஹெச்பிவி என்ற வைரஸால் வருவது, நீர்க்கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊரில் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

உட்சவ்வில் ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். மாதத்தின் முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் அந்தச் சவ்வை வளர்க்கும். கருமுட்டை வெளியானதும் புரோஜெஸ்ட்ரோன் சுரந்து அந்த வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும், பிறகு அது குறையும்போது சவ்வு உதிர்ந்து மாதவிலக்காக வெளியேறும். நீர்க்கட்டி இருந்தால் கருமுட்டை ஒழுங்காக வெளியாகாது, புரோஜெஸ்ட்ரோன் வராது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்கும், அறுக்க ஆள் வராத வயல் மாதிரி சவ்வு தடித்துக்கொண்டே போகும். அப்படியே பல வருடம் விட்டால் அந்தத் தடிப்பிலுள்ள செல்கள் சிலருக்கு மாற ஆரம்பிக்கும். உடல் எடையும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் வேகம், ஏனென்றால் கொழுப்புத் திசுவும் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும், ரத்தத்தில் கூடிப்போன இன்சுலினும் சவ்வைத் தூண்டும்.

எண்ணிக்கையில் சொன்னால், மேலை நாடுகளில் நூறு பெண்களில் மூன்று பேர் அளவுக்கு வாழ்நாளில் இந்தப் புற்றுநோய் வருகிறது, நீர்க்கட்டி உள்ளவர்களில் ஒன்பது பேர் வரை வரலாம் என்று ஒரு மதிப்பீடு. மூன்று மடங்கு என்று கேட்டால் நெஞ்சு பதறும். நூறில் தொண்ணூற்றொரு பேருக்கு வராது என்று அதையே திருப்பியும் சொல்லலாம். நம் நாட்டில் இந்தப் புற்றுநோயே அங்கே இருப்பதைவிடக் குறைவு. வருபவர்களில் பெரும்பாலோர் மாதவிலக்கு நின்ற பிறகானவர்கள்.

உன் 13 மி.மீ. மாதக்கணக்கில் உதிராத சவ்வு, தடித்துத்தான் இருக்கும். அதை உதிர்க்கத்தான் அந்தப் பத்து நாள் மாத்திரை. டாக்டரம்மா செய்வது உன்னைப் புற்றுநோயிலிருந்து தள்ளி வைக்கிற வேலை, நீ அதைப் புற்றுநோய்க்கு மருந்து என்று நினைத்து மாத்திரையை விட்டுவிட்டால்தான் எனக்குக் கவலை.

சின்னப்பாலம்_பாசிக்கார_மகள் எழுதியது:

நர்ஸம்மா சொல்வதைப் படித்ததும் எங்கள் தெருவே கண்முன் வந்துவிட்டது. என் அம்மாவும் சித்திகளும் தீவுகளுக்குப் போய் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற கடற்பாசிகளை எடுப்பவர்கள். விடிவதற்கு முன் படகு ஏறினால், கண்ணாடி மாட்டிக்கொண்டு இடுப்புக்கு மேல் தண்ணீரில் மணிக்கணக்கில் முங்கி முங்கி எடுக்க வேண்டும். அந்த நாட்களில் மாதவிலக்கு என்றால் எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒருத்திக்கு நான்கு மாதம் வரவில்லை என்றால் "கொடுத்து வைத்தவள், ஒரு தொல்லை விட்டது" என்றுதான் பேசிக்கொள்வார்கள். குழந்தை பெற்று முடித்தவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம், டாக்டரிடம் போகிற எண்ணமே வராது. வராமல் இருப்பது நல்லது, அதிகமாக வந்தால்தான் நோய் என்று ஒரு கணக்கு. எத்தனை மாதம் வரை வராமல் இருக்கலாம் அம்மா? கர்ப்பமாக இல்லாமல்தான் கேட்கிறேன்.

உச்சிப்புளி_நர்ஸம்மா எழுதியது:

நல்ல கேள்வி கேட்டாய். கர்ப்பமும் இல்லை, பால் கொடுக்கவும் இல்லை, மாதவிலக்கு நிற்கிற வயதும் வரவில்லை என்றால் 90 நாள். அதற்கு மேல் தள்ளவிடக் கூடாது. வருடத்துக்குக் குறைந்தது நான்கு முறையாவது உதிர வேண்டும் என்பதுதான் டாக்டர்கள் வைத்திருக்கிற அளவு. தானாக வரவில்லை என்றால் மாத்திரை கொடுத்து வரவைப்பார்கள். இல்லையென்றால் கருத்தடை மாத்திரை, அல்லது ஹார்மோன் வைத்த காப்பர் டி மாதிரியான சாதனம் ஒன்று கர்ப்பப்பைக்குள் போடுவார்கள். அந்தச் சாதனத்தால் மாதவிலக்கு குறையும், சிலருக்கு நின்றே போகும், ஆனால் அங்கே சவ்வு வளரவே இல்லை, அதனால் பயமில்லை. தானாக நின்றுபோவதும் அதுவும் ஒன்றில்லை. முங்கி வேலை செய்கிற உன் சித்திகளில் நீர்க்கட்டி இருப்பவர்களை அந்தச் சாதனத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல், இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும்.

கருத்தடை மாத்திரை பற்றி வைத்தியர் பேரன் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிற காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது, நிறுத்திய பிறகு மெதுவாகப் பழைய நிலைக்கு வருகிறது. உட்சவ்வுப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் நன்றாகவே குறைகின்றன, நிறுத்திப் பல வருடம் கழித்தும் அந்தப் பாதுகாப்பு நீடிக்கிறது. ரத்தக்கொதிப்பு, ரத்தம் உறைகிற கோளாறு, கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரியான ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஆகாது. கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுகிற பொருள் இல்லை.

கீழக்கரை_லாத்தா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். இளம் பிள்ளைகள் பேசுகிற இடத்தில் வயதானவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் உம்மாவுக்கு இருபது வருடச் சர்க்கரை, நல்ல கனத்த உடம்பு, சின்ன வயதில் மாதவிலக்கும் ஒழுங்கில்லை என்று பெரியம்மா சொல்வார்கள். அப்போதெல்லாம் நீர்க்கட்டி என்று யார் பெயர் வைத்தார்கள். நின்று ஏழெட்டு வருடம் கழித்து லேசாகக் கறை பட ஆரம்பித்திருக்கிறது. வலி இல்லை, பெரிதாகவும் போகவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மச்சி துணி துவைக்கும்போது பார்த்துவிட்டுக் கேட்டதால்தான் வெளியே வந்தது. முதலில் காட்டிய இடத்தில் சூடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மதுரையில்தான் உள்ளே இருந்து துளி சதை எடுத்து அனுப்பிப் பார்த்து உட்சவ்வுப் புற்றுநோய் என்றார்கள். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்தார்கள், ஆரம்பக் கட்டம் என்பதால் அதோடு முடிந்தது, கீமோ கூட இல்லை. முதல்வர் காப்பீட்டு அட்டையில் ஆனது. உம்மா இப்போது எங்களை அதட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் பக்கம் ரமலானில் முப்பது நோன்பும் விடாமல் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை சாப்பிடுகிறார்கள், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும்தான். கோயில் திருவிழாவுக்கு நம் ஊர் இந்துப் பிள்ளைகளும் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதனால் சவ்வு தடித்துப் புற்றுநோய் வருமா?

தொண்டி_மருந்துக்கடை எழுதியது:

லாத்தா, வ அலைக்கும் ஸலாம். அது நோரெதிஸ்டிரோன், புரோஜெஸ்ட்ரோன் இனம்தான். நர்ஸம்மா சொன்ன கடிவாளம் போடுகிற பக்கம். எப்போதாவது சில நாள் தள்ளிப்போட்டதால் உட்சவ்வில் புற்றுநோய் வருவதில்லை, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். காலில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தொடக் கூடாது. எனக்கு எரிச்சல் வருவது வேறு விஷயத்தில். போன வருடத்துச் சீட்டைக் கசங்கிய நிலையில் நீட்டி, அக்காவுக்கு எழுதியதைத் தங்கைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கவில்லை என்றால் பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், கிடைக்கவும் செய்கிறது.

வாலிநோக்கம்_உப்பளம் எழுதியது:

தைராய்டு பற்றி யாரும் பேசவில்லையே. என் வீட்டுக்காரிக்கு ஹைப்போ தைராய்டு, கழுத்தில் ஒரு கட்டியும் இருந்தது. ஊரே கேன்சர் என்று முடிவு கட்டிவிட்டது. ஸ்கேன் எடுத்து, ஊசி வைத்து நீர் எடுத்துப் பார்த்து, சாதாரணக் கட்டி என்று அனுப்பிவிட்டார்கள். தைராய்டுக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புற்றுநோய் இல்லாதவை என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். அப்படியே இருந்தாலும் பாப்பில்லரி என்கிற வகைதான் அதிகம், வைத்தியத்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது. தினமும் சாப்பிடுகிற தைராக்ஸின் மாத்திரையால் வருமா என்றும் கேட்டேன். உடம்பில் குறைகிற அதே ஹார்மோனைத்தான் வெளியிலிருந்து கொடுக்கிறோம், சரியான அளவில் சாப்பிட்டால் வராது என்றார்.

நான் உப்பளத்தில் வேலை பார்க்கிறவன். கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும், பாத்தியில் அள்ளிய உப்பே போதும் என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. இல்லை. உப்பு விளைந்து காய்ந்து வருவதற்குள் இருக்கிற கொஞ்சமும் போய்விடும், அதனால்தான் ஆலையில் தனியாகத் தெளிக்கிறோம். கடைக்கு வரும்போது பத்து லட்சத்தில் 15 பங்காவது இருக்க வேண்டும் என்பது சட்டம். கருவாட்டுக்குப் பாத்தி உப்பு சரி, குழம்புக்கு அயோடின் கலந்ததை வாங்குங்கள்.

மூக்கையூர்_விசைப்படகு எழுதியது:

ஹார்மோன் என்றாலே பெண்கள் சமாச்சாரம் என்று ஆகிவிட்டது, ஆண்களுக்கும் இருக்கிறது ஐயா. என் மச்சானுக்கு முப்பது வயதுக்கு மேல் கை கால் பெரிதாகிக்கொண்டே போனது, மோதிரம் ஏறவில்லை, செருப்பு அளவு மாறியது, தாடை முன்னால் வந்துவிட்டது. வலை இழுக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். கடைசியில் தலைவலி தாங்காமல் போய்ப் பார்த்தால் மூளைக்கு அடியில் பிட்யூட்டரியில் கட்டி, வளர்ச்சி ஹார்மோன் அதிகம், அக்ரோமெகாலி என்றார்கள். அந்தக் கட்டி புற்றுநோய் இல்லை. ஆனால் அந்த ஹார்மோன் அதிகமாக இருந்தவர்களுக்குப் பெருங்குடலில் சதை வளரலாம், அது பின்னால் புற்றுநோயாகலாம் என்று சொல்லி, ஆபரேஷன் முடிந்ததும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு சின்னச் சதை இருந்தது, அங்கேயே வெட்டி எடுத்தாயிற்று. அவன் வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று அடம்பிடித்த கதையை எழுதினால் தனி இழை வேண்டும்.

சாயல்குடி_வைத்தியர்_பேரன் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து அடித்துவிட்டீர்கள், பரவாயில்லை. கழற்சிக்காயால் எங்கள் தாத்தா எத்தனையோ பேருக்கு மாதவிலக்கை ஒழுங்காக்கியிருக்கிறார் என்பதை மட்டும் நான் விடமாட்டேன்.

உச்சிப்புளி_நர்ஸம்மா எழுதியது:

உங்கள் தாத்தாவிடம் நானே ஆள் அனுப்பியிருக்கிறேன் தம்பி, மஞ்சள் காமாலைக்கு. அவர் இத்தனை நாளில் பலன் தெரியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லி அனுப்புவார். கழற்சிக்காய் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டுச் சாப்பிடட்டும், குழந்தைக்கு முயற்சி செய்கிற மாதத்தில் வேண்டாம். எது சாப்பிட்டாலும் அந்த 90 நாள் கணக்கு மாறாது. இதற்கு மட்டும் நீங்கள் சரி என்றால் நமக்குள் சண்டையில்லை.

எடை பற்றியும் ஒன்று. நீர்க்கட்டிக்காரர்களிடம் "எடையைக் குறை" என்று சொல்லி அனுப்பிவிடுவது எனக்குப் பிடிக்காது, எவ்வளவு என்று சொல்வதில்லை, அவர்கள் நடக்கிற காரியமா என்று விட்டுவிடுகிறார்கள். இருக்கிற எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை தானாக வெளியாக ஆரம்பிக்கும். எண்பது கிலோ இருப்பவருக்கு நான்கு முதல் எட்டு கிலோ. ஒல்லியாக இருந்து நீர்க்கட்டி உள்ளவர்களும் உண்டு, அவர்களைப் பட்டினி போடாதீர்கள்.

தங்கச்சிமடம்_மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் மாத்திரை முடித்து மாதவிலக்கு வந்தது, நன்றாகவே போனது. திரும்ப ஸ்கேன் பார்த்ததில் உட்சவ்வு 5 மி.மீ. ஆகிவிட்டது. எனக்குப் புற்றுநோயா என்று நேராகவே கேட்டுவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை, உட்கார வைத்துப் பேசினார். உதிர்ந்து மெலிந்துவிட்டதால் இப்போதைக்குச் சதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, இடையில் இடையில் ரத்தம் பட்டாலோ திரும்பத் தடித்தாலோ கண்டிப்பாக எடுப்பேன் என்றார். குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோயோ கர்ப்பப்பைப் புற்றுநோயோ சின்ன வயதில் வந்திருக்கிறதா என்றும் கேட்டார். சில குடும்பங்களில் இரண்டும் சேர்ந்து வருமாம். எங்கள் வீட்டில் இல்லை. லெட்ரோசோல் ஆரம்பித்துவிட்டேன். கருமுட்டை வளர்வதைப் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்.

மாமியாரிடம் அந்த அட்டையைக் காட்டவில்லை. அவரும் போனில் தேடுவார்.

கீழக்கரை_லாத்தா எழுதியது:

அல்ஹம்துலில்லாஹ். காட்டாதே பிள்ளை. மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போட்டுவிடு.

தொண்டி_மருந்துக்கடை எழுதியது:

அட்டையைப் பிரிக்க வேண்டாம் லாத்தா, மாத்திரை கெட்டுப்போகும், தைராய்டு மாத்திரையோடு மாறியும் போகும்.

உச்சிப்புளி_நர்ஸம்மா எழுதியது:

நல்லது மகளே. ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தாயிற்றா? நீ எழுதியதில் எங்கேயும் அவர் பெயரே வரவில்லை.

தங்கச்சிமடம்_மருமகள் எழுதியது:

இல்லை அம்மா. டாக்டரம்மா முதல் முறையே எழுதிக் கொடுத்தார். சீட்டு என் கைப்பையில்தான் இருக்கிறது. எனக்கு என்ன குறை என்கிறார்.

மூக்கையூர்_விசைப்படகு எழுதியது:

அவர் எந்தப் படகு என்று மட்டும் சொல்லு தங்கச்சி, மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

உச்சிப்புளி_நர்ஸம்மா எழுதியது:

படகெல்லாம் வேண்டாம், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அடுத்த ஸ்கேனுக்கு அவரையும் கூட்டிப் போ, டாக்டரம்மாவே நேரில் சொல்லட்டும். அதற்கு முன் இரண்டு நாளாவது சேராமல் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்கு மேலும் போகக் கூடாது. அதையும் பார்த்துத் தேதி வை.